நடுவில் நின்ற முள்

ஏப்ரல் 3

கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா எழுதி வைக்கச் சொன்னதால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் கண்ணுக்கு எந்த வேளைக்கு எந்தச் சொட்டு விட்டேன், வலி எப்படி, வெளிச்சம் தெரிகிறதா என்று தினமும் குறிக்க வேண்டுமாம். நான் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் பெயர் எழுதி வைத்திருந்த நோட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது.

காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. நான்கு வேளையும் விட்டேன். இடது கண்ணுக்குப் பார்வை வராது என்று மதுரையிலேயே சொல்லிவிட்டார்கள். வலது கண்ணுக்கு ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். நெற்றியிலிருந்து தாடை வரை தோல் உரிந்து கிடக்கிறது. வலது கையில் விரல்கள் இன்னும் கட்டுக்குள் இருக்கின்றன.

என் வீட்டுக்காரர் சென்றாயன் பத்தொன்பது வருடமாக மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். போடியிலிருந்து காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஏலத்தோட்டத்தில் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருவார். போன மாதம் இருபத்தேழாம் தேதி, பதினோராவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் புகைந்து நின்றது. இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதித்த தண்ணீர் பீறிட்டு அடித்தது.

ஜீப்பு முதலாளி ராஜாங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். போனவர் ஜீப் நிற்கிற இடத்தில் சொல்லியிருக்கிறார்: "ஹீட் முள்ளு செவப்புல நிக்கிது, அதப் பாக்காம ஓட்டிருக்கான். காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துருக்கான், பாவம்."

என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

ராஜாங்கத்தின் முகத்தில் அந்தத் தண்ணீர் பட வேண்டும். வேறு எதுவும் இன்று எனக்கு எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 5

சொட்டு நான்கு வேளை. வலி குறையவில்லை. கஞ்சி குடித்தார்.

ஏப்ரல் 9

பள்ளிக்கூட வேனில் பிரேக் லைட் எரியவில்லை. இபுராம்சா பாய் கடைக்குக் கொண்டுபோனேன். போடியில் வண்டி வயரிங், மீட்டர் வேலை என்றால் அவர்தான். என் வேனில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற ஹீட் முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஆறு வருடம் வேன் ஓட்டியும் அந்த முள்ளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அதனால் கேட்டேன்.

பாய் ஒரு பழைய மீட்டரை மேசையில் வைத்துக் காட்டினார்.

"இன்ஜின சுத்தி தண்ணி ஓடுதுல்ல, அதுக்குள்ள ஒரு சென்சார் முங்கிக் கெடக்கும்மா. தண்ணி சூடாக ஆக அது கரண்ட்ட தாராளமா விடும். முள்ளு ஏறும். ஆறுன வண்டில அடியில கெடக்கும், பத்து நிமிசம் ஓட்டுனா நடுவுக்கு வரும். மலையேறுனா நடுவ விட்டு கொஞ்சம் மேல போகும், எறக்கத்துல கீழ வரும். ஆடிக்கிட்டே இருந்தாத்தான் அதுக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம்."

"கெட்டுப்போனா?"

"வயரு அந்து போச்சுன்னா முள்ளு எந்திரிக்கவே எந்திரிக்காது. வயரு உரசி பாடில பட்டுச்சுன்னா ஒரேடியா செவப்புக்குப் போயிரும். இன்னொன்னு இருக்கு, அதத்தான் நெறையப் பேரு தெரிஞ்சுக்கிறதில்ல. தண்ணி ஒழுகி சென்சார் வெறுங்காத்துல நின்னா, உள்ள கொதிக்கும்போதே முள்ளு கீழ எறங்கும். ஆளுக சூடு கொறஞ்சுருச்சுன்னு சந்தோசப்படுவாங்க."

"ஏறாம எறங்காம நடுவுலயே நிக்குமா பாய்?"

பாய் மீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "பிரேக் லைட் ஃபியூசுதாம்மா போயிருக்கு" என்றார்.

ஏப்ரல் 10

மதியச் சொட்டு விடும்போது கேட்டேன். "அன்னைக்கி முள்ளு எங்கங்க இருந்துச்சு?"

"நடுவுலதான்."

"செவப்புல இல்லையே?"

"இல்ல."

"அப்ப ராஜாங்கம் சொல்றது பொய்தான?"

"விட்டுரு ஜெயா."

அவர் எப்போதும் இப்படித்தான். யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். கோயிலில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "உங்க வீட்டுக்காரரு மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டாராமே" என்றாள். திருநீற்றைக் கையில் வாங்கியவள் பூசாமலே தூணில் தட்டிவிட்டு வந்தேன்.

சொட்டு மூன்று வேளைதான். காலையில் மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 24

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ராஜாங்கம் வீட்டுக்குப் போனேன். அவருக்கு மூட்டுவலி, சொந்தக் காரை ஓட்ட முடிவதில்லை. டிரைவர் நின்றுபோய் பத்து நாள் ஆகிறதென்று கேள்விப்பட்டிருந்தேன்.

"லீவு முடியிற வரைக்கும் நான் ஓட்டுறேண்ணே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டு வாசலில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவன் பண்ணதுக்கு ஒன்னய என்னத்தா சொல்ல. நாளையிலருந்து வா."

நல்ல மனிதர் என்று அந்த நான்கு பேரும் ஊரெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அவர் பக்கத்து சீட் வேண்டும்.

வீட்டில் சொன்னபோது சென்றாயன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எதுக்கு அங்க போற?" என்று கேட்டார். நான் சொட்டு மருந்து எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது படுத்திருந்தார்.

ஏப்ரல் 28

ராஜாங்கத்திடம் ஏழு ஜீப் இருக்கிறது. ஆறு ஓடுகிறது. என் வீட்டுக்காரர் ஓட்டியது ஷெட்டின் மூலையில் நிற்கிறது. இன்று ராஜாங்கம் சாப்பிடப் போனபோது அதற்குள் ஏறி உட்கார்ந்தேன். சாவி அதிலேயே தொங்கியது. ஒரு மாதமாக ஓடாத வண்டி. பானெட்டில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது.

சாவியைத் திருப்பினேன். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. ஹீட் முள் அடியில் கிடக்க வேண்டும். அது எழுந்தது, நேராக நடுவுக்குப் போனது, நின்றது.

வண்டிக்குள் ஒரு துளி சூடு இல்லை. முள் நடுவில் நிற்கிறது. அணைத்தேன், விழுந்தது. போட்டேன், நின்றது. ஐந்து முறை பார்த்தேன்.

ஏப்ரல் 29

இபுராம்சா பாய் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஜீப்பில் பார்த்ததைச் சொன்னேன். அவர் வேலை செய்துகொண்டிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"தப்புதாம்மா" என்றார். "ராஜாங்கம் போன் போட்டுச் சொன்னாரு. முள்ளு ஏறுறதப் பாத்துட்டு பொம்பளைங்க பாதி வழியில எறக்கிவிடச் சொல்றாங்க, டிரைவருங்க வளைவுக்கு வளைவு நிறுத்தி ஆற விடுறாங்க, தோட்டத்துக்கு லேட்டாகுதுன்னாரு. சென்சார் வயரக் கழட்டிட்டு இத வச்சேன். அஞ்சு ஜீப்புக்கு வச்சேன்."

அரிசியை விடக் கொஞ்சம் பெரியதாக, வண்ணக் கோடு போட்ட ஒரு சாமானைக் காட்டினார். ரெசிஸ்டர் என்று பெயர். சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது எப்போதும் ஒரே அளவுதான் கரண்ட் விடும். முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும்.

"அந்த ஜீப்ப வேலைக்கிக் கொண்டாந்து விட்டப்ப நானே சொன்னேன், இது நல்லதுக்கில்லன்னு. கேக்கல."

யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. ஜீப் தானாகவா வந்திருக்கும், ராஜாங்கம் யாரையாவது அனுப்பியிருப்பார்.

அவர் தொழுகைக்குக் கிளம்பியபோது ரெசிஸ்டர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 2

அன்று ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் பேச்சியம்மாளுக்கும் தண்ணீர் பட்டிருக்கிறது. இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை. இத்தனை நாள் நான் போய்ப் பார்க்கவில்லை. ராஜாங்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வாளா என்று கேட்கத்தான் இன்று போனேன். அப்படித்தான் போனேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

கதவைப் பாதி திறந்து நின்றாள். கம்பு ஊன்றியிருந்தாள்.

"எட்டாவது வளைவுலயே தீஞ்ச நாத்தம். எறக்கி விடுய்யா, நடந்து வர்றோம்னு கெஞ்சுனோம். முள்ளு நடுவுல நிக்கிதுல்ல, கண்ணு தெரியலையான்னு எங்களத்தான் கேட்டான். பெறகு புகையுது, என்னய கூப்புட்டு தண்ணிக் கேனப் பிடின்னான். ஆறட்டும்யான்னேன். நேரமில்லன்னு மூடியத் திருகுனான்."

"அவருக்குத் தெரியாதுல்ல பேச்சி. அந்த முள்ளு பொய்யின்னு…"

"தெரியாதா? போயி ஒம் புருசன்கிட்டயே கேளு."

கதவைச் சாத்திவிட்டாள்.

மே 3

சொட்டு நான்கு வேளை. எழுத ஒன்றும் இல்லை.

மே 4

சொட்டு நான்கு வேளை. வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது என்றார். சந்தோஷம் என்றேன்.

மே 6

நாளை காலை ராஜாங்கம் தோட்டத்துக்குப் போகிறார். நானும் அவரும் மட்டும்.

காரைக் கழுவுகிறேன் என்று சொல்லி ஷெட்டில் நிறுத்திக்கொண்டேன். பழைய டீசல் வண்டி. சென்சார் எங்கே இருக்கிறது என்று பாய் கடையில் பார்த்து வைத்திருந்தேன். வயரைக் கழற்றி ரெசிஸ்டரை வைத்து டேப் சுற்றினேன். ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் வடித்தேன். கூலன்ட் கலந்ததால் பச்சை நிறத்தில் தித்திப்பான வாடையோடு இறங்கியது.  வாளியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சொன்னபடி காரைக் கழுவினேன்.

மே 7

ஆறரைக்குப் புறப்பட்டோம். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கிவிடும். ஏசியைக் கூட்டி வைத்து, இரண்டாவது கியரிலேயே அழுத்தி ஓட்டினேன். ராஜாங்கம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கித் தின்றேன்.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்கத்தா?"

"ஒரு கண்ணு போனது போனதுதாண்ணே."

"ச்சு" என்றார். முறுக்கை மென்றுகொண்டே சொன்னார்.

ஏழாவது வளைவில் வாடை வந்தது. அவர் மூக்கைச் சுளித்தார். "என்னமோ தீயிது."

"முள்ளு நடுவுலதாண்ணே நிக்கிது."

குனிந்து பார்த்தார். நின்றது. சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் நின்ற பதினோராவது வளைவு வரை கொண்டுபோக நினைத்திருந்தேன். அவ்வளவு தூரம் வண்டி வரவில்லை. ஒன்பதாவது வளைவிலேயே பானெட்டின் விளிம்பெல்லாம் வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினேன். இறங்கி பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"முள்ளு நடுவுல நிக்கிதுண்ணே. தண்ணி கொறஞ்சிருக்கும். மூடியத் தொறந்து பாருங்க."

சொல்ல வேண்டிய வாக்கியம் அதுதான். ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மூடியின் மேல் வைத்தார். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றேன். இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. நான் நகர்ந்து நின்றேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. ராஜாங்கத்தின் ஜீப்தான். உள்ளே நெருக்கியடித்துப் பன்னிரண்டு பெண்கள். ஓட்டி வந்த கருத்தப்பாண்டி குதித்து ஓடி வந்தான். "முள்ளு நடுவுலதாண்டா நிக்கிது" என்றார் ராஜாங்கம். "மொதலாளி, கைய எடுங்க, நான் தொறக்குறேன்" என்று அவரை விலக்கிவிட்டு, கையில் ஒரு ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு மூடியைப் பிடித்தான். முகத்தை நேராக அதன் மேலே வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆனது. நானும் மொய் எழுதியிருக்கிறேன்.

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம்.

"தொறக்காத. கொதிக்கிது."

"முள்ளு நடுவுலன்னுதானக்கா மொதலாளி சொன்னாரு?"

"அது பொய் முள்ளு. நான்தான் வச்சேன்."

ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்கிவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் செவனம்மா. "எதுக்குடி வச்ச?" என்று கேட்டாள்.

"இவரு ஜீப்புல வச்சிருக்காருல்ல, அதே மாதிரி. இவரு மூஞ்சி வேகணும்னு வச்சேன்."

ராஜாங்கம் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அது இலேசாகப் புகைந்தது. அவருடைய உதடு வெளுத்துப் போயிருந்தது. அந்த வெளுப்பை நான் வேண்டிய அளவு பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவருக்குக் குரல் வந்தது. "நான் போன்ல சொன்னேன், ஆமா. வண்டியக் கொண்டுபோயி வச்சுட்டு வந்தது யாரு? இவ புருசன். அஞ்சு ஜீப்பையும் ஒவ்வொண்ணா ஓட்டிட்டுப்போனது அவன்தான். கேளுங்க."

பன்னிரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா" என்றேன்.

அந்தச் சொல்லை வாயால் சொன்னது அதுதான் முதல் முறை. மனதுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று யாராவது கேட்டால், அந்தத் தேதியும் இந்த நோட்டில் எங்கேயோ இருக்கிறது.

செவனம்மா கருத்தப்பாண்டியின் ஜீப்பை எட்டிப் பார்த்தாள். "இதுவும் நடுவுலதான் நிக்கிது. இது நெசமா, பொய்யா?"

"இப்ப பாத்தாத் தெரியாதுக்கா. மலையேறுன வண்டில நடுவுல நிக்கிறது சரிதான். நாளைக்கிக் காலையில ஏறுறதுக்கு முன்னாடி சாவியப் போடச் சொல்லிப் பாருங்க. ராத்திரி பூரா நின்ன வண்டி, முள்ளு அடியில கெடக்கணும். நடுவுல நின்னா பொய்யி. அடியில கெடந்தாலும் நம்பிறாதீங்க. முந்தலுக்குள்ள எந்திரிக்கலன்னா வயர அத்துட்டாங்கன்னு அர்த்தம்."

நான் சொன்னதை அவள் தன் பின்னால் நின்றவர்களிடம் திருப்பிச் சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

மே 8

எதிர்பார்த்த மாதிரியே ஆனது. ராஜாங்கம் இபுராம்சா பாயைக் கூப்பிட்டிருக்கிறார், பாய் வர முடியாது என்றுவிட்டார். அதனால் டிரைவர்களை வைத்து வயர்களை வெட்டிவிட்டிருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பெண்கள் ஜீப் ஜீப்பாகப் போய்ப் பார்த்தபோது எல்லா முள்ளும் ஒழுங்காக அடியில் கிடந்தது. "பாத்தாச்சுல்ல, ஏறுங்க" என்றாராம்.

ஏறியிருக்கிறார்கள். முந்தல் வரை எல்லாக் கண்ணும் முள்ளின் மேலேயே. நான்கு ஜீப்பில் அது அசையவில்லை. நாற்பத்தாறு பெண்கள் செக்போஸ்ட்டில் இறங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன.

ராஜாங்கம் வந்தார். செவனம்மா எழுந்திருக்காமலே கேட்டாள். "முள்ளுல கை வச்சது நீங்கதானய்யா?"

"சரி பண்ணித் தர்றேன், எந்திரிங்க."

"வச்சது நீங்கதானா?"

"ஆமா."

"சென்றாயன் அன்னைக்கிக் குடிச்சிருந்தானா?"

அவர் வெயிலைப் பார்த்தார். செக்போஸ்ட் போலீஸ்காரரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

"எங்களுக்குக் கேக்கல."

"குடிக்கல. நான்தான் சும்மா சொன்னேன்."

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் அலைந்தேன். இனிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அது தீர்ந்துவிட்டது.

மே 9

சென்றாயனிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். காரில் நான் செய்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"நீங்கதான் கொண்டுபோயி வச்சுட்டு வந்தீங்களா?"

"மொதலாளி சொன்னாரு."

"அவரு சொன்னாரு. சரி. எட்டாவது வளைவுல அதுக எறக்கிவிடச் சொன்னப்ப யாரு போன் போட்டு நிறுத்தாதன்னு சொன்னா?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "பத்தொன்பது வருசமா ஓட்டுறேன். பொம்பளைங்க சொல்லி நிறுத்தணுமான்னு இருந்துச்சு."

"நான் இங்க ஒரு ஆளக் கொல்லப் பாத்தேன், ஒங்களுக்காக."

"நான்தான் விட்டுருன்னு சொன்னேன்ல."

"ஏன் விடணும்னு சொல்லலையே."

 எனக்கு அன்று சமைக்கத் தெம்பில்லை. கடையில் இட்லி வாங்கி வந்து தட்டில் வைத்து, தட்டை அவர் கை படும் இடத்தில் தள்ளினேன்.

மே 12

காலை பத்து மணிக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். வர மாட்டேன் என்றார். "வரலன்னா நான் மட்டும் போயி அங்கயே இருந்துக்கிறேன்" என்றேன். வந்தார். வலது கண்ணில் நிழல் போல ஆள் தெரிகிறது இப்போது. கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தலையில் துண்டு.

பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் கம்பை மாற்றிப் பிடித்தாள்.

"பேச்சி" என்றார் அவர். "அன்னைக்கி முள்ளு பொய்யின்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள். "கொண்டுபோயி வச்ச அன்னைக்கே கருத்தப்பாண்டி சொல்லிட்டான். இருந்தும் ஏறுனேன். நீ நிறுத்துவேன்னு நெனச்சேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் நிறுத்திக்கொண்டார்.

"நீ உள்ள வராத. அங்கனயே நில்லு."

அந்த வாசலில் ஒரு மரம் இல்லை. முன்னால் கூரையும் இல்லை. புண் ஆறாத தோலில் வெயில் படக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அங்கேயே நின்றார்.

"நீ வா ஜெயக்கொடி" என்றாள்.

அவர் கையை விட்டேன். உள்ளே போனேன்.

பாயில் உட்கார்ந்து சேலையை விலக்கிக் காலைக் காட்டினாள். தொடையில் தோல் சுருங்கி, முழங்காலுக்குக் கீழே இன்னும் பச்சைப் புண்ணாக இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தேன். பார்த்து முடிக்கும் வரை அவளும் மூடவில்லை. பிறகு கம்பை ஊன்றி எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே அவர் நிற்பது தெரிந்தது.

"எம்புட்டு நேரம் நிப்பான்?" என்று கேட்டாள்.

"நீ சொல்ற வரைக்கும்."

அவள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அரிசியை அளந்து கழுவினாள், பானையில் போட்டாள், மூடினாள்.

"சோறு வேகட்டும்" என்றாள்.